கே. எஸ். கிருஷ்ணன்

கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் (டிசம்பர் 4, 1898 - ஜூன் 1961) தமிழ்நாட்டில் பிறந்த புகழ்பெற்ற இயற்பியலாளர் ஆவார். இராமன் விளைவின் கண்டுபிடிப்பில் சி. வி. இராமனுடன் இணைந்து பணியாற்றியவர். படிகங்களின் காந்தப் பண்புகள் பற்றிய இவரது ஆய்வுகள் உலக அளவில் மதிக்கப்பட்டவை. புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராக 1947 முதல் தம் இறுதிக்காலம் வரை பணிபுரிந்தார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் எதிலும் மாணவராகப் பயிலாமல், இந்திய ஆய்வுக்கூடங்களிலேயே பயிற்சி பெற்று, பின்னர் ஐரோப்பிய ஆய்வு மையங்களுக்கு விரிவுரையாளராக அழைக்கப்பட்டவர் என்பது இவரது வாழ்க்கையின் சிறப்பாகும்.

பிறந்த ஊர்

கிருஷ்ணன் பிறந்த வத்திராயிருப்பு, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே அமைந்துள்ள ஊராகும். சதுரகிரி மலையும் பிளவக்கல் அணையும் இதன் அருகில் உள்ளன. இவர் பிறந்தபோது இவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1910 இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. 1985 இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டது முதல் விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது.

மலையடிவாரமாகிய வத்திராயிருப்புப் பகுதி நெல்லும் தென்னையும் விளையும் பகுதி. மாவட்டத்தின் கிழக்கிலும் நடுவிலும் அமைந்த சிவகாசி, சாத்தூர், விருதுநகர் பகுதிகள் மழை குறைந்த கரிசல் நிலங்கள். வேளாண்மை மட்டும் போதாத அப்பகுதி மக்கள் வணிகத்தையும் தொழிலையும் நாடினர். சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அவர்கள் தொடங்கிய தொழிலே பின்னர் பட்டாசு, அச்சுத் தொழில்களோடு சேர்ந்து சிவகாசியை இந்தியா முழுவதும் அறியச் செய்தது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில், அதே வட்டாரத்திலிருந்து அதே கல்கத்தா நகருக்கு இயற்பியல் கற்கச் சென்றவர் கிருஷ்ணன். அக்காலத்தில் தென் மாவட்ட இளைஞர்களுக்குக் கல்கத்தாவே மொழியும் உணவும் தட்பவெப்பமும் மாறுபட்ட தொலைதூர ஊராக இருந்தது.

இளமையும் கல்வியும்

கிருஷ்ணனின் தந்தை வேளாண்மை செய்துவந்தவர். தமிழிலும் வடமொழியிலும் புலமை மிக்கவர். தந்தையிடமிருந்து பெற்ற இலக்கிய ஈடுபாடு கிருஷ்ணனிடம் கடைசிவரை நிலைத்திருந்தது. உள்ளூரிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிக்கல்வி பெற்ற இவர், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் பின்னர் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார்.

பட்டம் பெற்றபின் சென்னை கிறித்தவக் கல்லூரியிலேயே வேதியியல் செய்முறை விளக்குநராகச் சேர்ந்தார். அங்கே மதிய உணவு இடைவேளையில் மாணவர்களுடன் முறைசாராக் கலந்துரையாடல் ஒன்றை நடத்திவந்தார். இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகியவற்றில் மாணவர்கள் எந்த ஐயத்தையும் எழுப்பலாம். பாடத்திட்டத்தின் எல்லை அங்கே இல்லை. பிற கல்லூரி மாணவர்களும் இதற்கு வந்து சென்றனர். தேர்வுக்காகப் படிப்பதற்கும் அறிவதற்காகப் படிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இவர் மாணவர்களுக்கு உணர்த்திய இடமாக அது விளங்கியது.

கல்கத்தா வாழ்க்கை

சி. வி. இராமனின் ஆய்வுகளால் ஈர்க்கப்பட்ட கிருஷ்ணன் 1920 இல் கல்கத்தா சென்றார். அங்குள்ள பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தார். இராமன் அக்கல்லூரியில் பாலித் பேராசிரியராக இருந்தார். அப்பேராசிரியர் பதவிக்கான அறக்கட்டளை விதிகளின்படி, பதவியேற்பவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். இராமன் அதற்காக வெளிநாடு செல்ல மறுத்தார். அசுதோஷ் முகர்ஜியின் முயற்சியால் அவ்விதி தளர்த்தப்பட்டு 1917 இல் அவர் பதவியில் அமர்ந்தார்.

இந்திய மாணவர் ஒருவர் அறிவியலில் உயர வேண்டுமானால் கடல் கடந்து செல்ல வேண்டும் என்ற எண்ணம் அன்று வலுவாக இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. தரமான கருவிகளும் இதழ்களும் நூலகங்களும் ஐரோப்பாவில் இருந்தன. தமிழ்நாட்டிலிருந்து கணித மேதை இராமானுஜன் 1914 இலும், வானியற்பியலாளர் சு. சந்திரசேகர் 1930 இலும் கேம்பிரிட்ஜ் சென்றனர். கிருஷ்ணன் தேர்ந்தெடுத்தது மற்றொரு வழி. 1923 இல் பௌபஜார் தெருவில் இயங்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தார். மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876 இல் நிறுவிய இக்கழகம், இந்தியர்கள் தம் நாட்டிலேயே தம் பொறுப்பில் அறிவியல் ஆய்வு செய்வதற்காக ஏற்பட்டதாகும்.

இராமன் விளைவு

ஒளி ஒரு பொருளின் ஊடே செல்லும்போது அதன் ஒரு பகுதி எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. சிதறிய ஒளியின் நிறம், விழும் ஒளியின் நிறமாகவே இருக்கும் என்பது அதுவரை அறியப்பட்ட செய்தி. 1923 இல் இராமனின் மாணவர் கே. ஆர். இராமநாதன், நீர்மங்களில் சிதறிய ஒளியுடன் வேறு நிறமுடைய மங்கலான ஒளியும் கலந்திருப்பதைக் கண்டார். நீர்மத்தில் உள்ள மாசினால் ஏற்படும் உடனொளிர்வாக அது இருக்கலாம் என்று கருதப்பட்டது. பலமுறை தூய்மைப்படுத்திய பின்னரும் அந்த ஒளி மறையவில்லை. பின்னர் கிருஷ்ணனும் பல நீர்மங்களில் இதனைக் கண்டார். 1928 ஜனவரியில் எஸ். வெங்கடேசுவரன் கிளிசரினில் இந்த ஒளி தளவிளைவுற்றிருப்பதைக் கவனித்தார். இயல்பான உடனொளிர்வு இவ்வாறு வலுவாகத் தளவிளைவு அடைவதில்லை.

1928 பிப்ரவரித் தொடக்கத்தில், கோட்பாட்டுப் பணியில் மூழ்கியிருந்த கிருஷ்ணனை மீண்டும் செய்முறை ஆய்வுக்கு வருமாறு இராமன் தூண்டினார். அந்நாட்களில் கிருஷ்ணன் எழுதிய நாட்குறிப்பு கண்டுபிடிப்பின் வரலாற்றுக்கு முதன்மையான சான்றாக உள்ளது. பிப்ரவரி 7 அன்று நீர்மங்களில் இவ்வொளி வலுவாகத் தளவிளைவுற்றிருப்பதைக் கிருஷ்ணன் கண்டார். இராமன் அதனைத் தாமும் பார்த்து உறுதிசெய்தார். அன்றிரவே கிருஷ்ணனின் வீட்டிற்கு விரைந்து வந்து, தாங்கள் தேடிவந்தது இந்த விளைவே என்று கூறிச் சென்றார்.

இதற்குப் பயன்பட்ட கருவிகள் மிக எளியவை. சூரிய ஒளியே ஒளி மூலம். 18 செ.மீ. விட்டமுள்ள தொலைநோக்கி வில்லையும் மற்றொரு சிறு வில்லையும் அந்த ஒளியை நீர்மத்தின் மீது குவித்தன. ஒன்றையொன்று முழுமையாகத் தடுக்கும் இரு நிறவடிகட்டிகள் பயன்பட்டன. முதல் வடிகட்டியை ஒளி நீர்மத்தில் விழுமுன் வைத்தனர். இரண்டாவதை நீர்மத்திற்கும் கண்ணுக்கும் இடையில் வைத்தனர். சிதறலில் நிறம் மாறாவிட்டால் ஒளியே தெரியக்கூடாது. ஆனால் ஒளி தெரிந்தது. அப்படியானால் மூலக்கூறுகளால் சிதறியபோது ஒளியின் அலைநீளம் மாறியிருக்க வேண்டும்.

ஏறத்தாழ 60 நீர்மங்களில் இவ்விளைவு காணப்பட்டது. இராமன், கிருஷ்ணன் ஆகிய இருவர் பெயரிலும் எழுதப்பட்ட குறிப்பு பிரித்தானிய அறிவியல் இதழான நேச்சரில் 1928 மார்ச் 31 இல் வெளிவந்தது. இதற்கிடையில் பிப்ரவரி 28 அன்று நிறமாலைகாட்டியின் மூலம் புதிய ஒளி விழும் ஒளியிலிருந்து தனியே பிரிந்து தெரிவது உறுதியாயிற்று. இந்நாள் 1987 முதல் இந்தியாவில் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அதே ஆண்டில் மாஸ்கோவில் லான்ட்ஸ்பெர்க், மான்டெல்ஸ்டாம் ஆகியோர் படிகங்களில் இவ்விளைவைத் தனியே கண்டறிந்தனர். பிரான்சில் ஒளிச்சிதறல் ஆய்வில் ஈடுபட்டிருந்த ழான் கபானும் இவ் ரோக்காரும் இவ்விளைவை ஆராய்ந்து வெளியிட்டனர். ஜெர்மானிய இயற்பியலாளர் பிரிங்ஷைம் இதற்கு இராமன் விளைவு என்று பெயரிட்டார்.

நோபல் பரிசும் கிருஷ்ணனின் பங்கும்

1930 ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டும் வழங்கப்பட்டது. முதல் குறிப்பில் கிருஷ்ணனின் பெயரும் இருந்ததால், பரிசில் அவருக்குப் பங்கு இருந்திருக்க வேண்டுமா என்ற கேள்வி அறிவியல் வரலாற்றாளர்களிடையே பலமுறை எழுந்துள்ளது.

ஆய்வின் திசையை 1921 முதல் வகுத்தவரும், கண்ட ஒளியின் பொருளை உடனடியாக உணர்ந்தவரும், நிறமாலை ஆய்வை விரைந்து முடித்து உலகுக்கு அறிவித்தவரும் இராமன் என்பதை எவரும் மறுப்பதில்லை. அதே வேளையில், திருப்புமுனையான அந்த நாட்களில் செய்முறைகளை நடத்தி, தளவிளைவை உறுதிசெய்து, பல நீர்மங்களில் விளைவை நிலைநாட்டியவர் கிருஷ்ணன். இராமன் தம் நோபல் உரையிலும் கிருஷ்ணனின் பங்கைக் குறிப்பிட்டுள்ளார். கிருஷ்ணன் இதுபற்றிப் பொதுவெளியில் உரிமை கோரி வாதிடவில்லை. 1928 இறுதியிலேயே கல்கத்தாவை விட்டு வேறு துறையில் தமக்கென ஒரு வழியை வகுத்துக்கொண்டார். இராமன் விளைவோடு மட்டும் இவரை நினைவுகூர்வது, அதன்பின் இவர் செய்த முப்பதாண்டுப் பணியை மறைத்துவிடுகிறது.

டாக்கா: படிகங்களின் காந்தவியல்

1928 டிசம்பரில் கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ரீடராகப் பொறுப்பேற்றார். அங்கே சத்தியேந்திர நாத் போஸ் பேராசிரியராக இருந்தார். போஸ் 1924 இல் டாக்கா பல்கலைக்கழகத்தின் விடுப்பில் பாரிஸ் சென்று, மோரிஸ் தெ பிராய் அவர்களின் எக்ஸ் கதிர் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி, மேரி கியூரியையும் லான்ஜெவினையும் சந்தித்து, பின்னர் பெர்லினில் ஐன்ஸ்டைனைக் கண்டு திரும்பியவர். இவ்வாறு வெளிநாட்டு ஆய்வுக்கூட அனுபவம் பெற்ற ஒருவரும், இந்தியாவிலேயே பயிற்சி பெற்ற ஒருவரும் ஒரே துறையில் பணியாற்றும் சூழல் டாக்காவில் அமைந்தது.

கிருஷ்ணன் எடுத்துக்கொண்ட காந்தவியல், பிரெஞ்சு அறிவியலாளர்கள் அடித்தளமிட்ட துறையாகும். பொருள்களின் காந்தப் பண்பு வெப்பநிலையைப் பொறுத்து எவ்வாறு மாறுகிறது என்பதை 1895 இல் பியேர் கியூரி வெளியிட்டார். டயா காந்தம், பாரா காந்தம் ஆகியவற்றுக்கான கோட்பாட்டை 1905 இல் போல் லான்ஜெவின் அளித்தார். இவற்றைப் படிகங்களுக்குள் கொண்டுசென்று, மூலக்கூறுகளின் அமைப்போடு இணைத்தது கிருஷ்ணனின் பணி.

ஒரு படிகத்தின் காந்த ஏற்புத்திறன் எல்லாத் திசைகளிலும் ஒன்றாக இருப்பதில்லை. இவ்வேறுபாடு மிகச் சிறியது என்பதால் அளப்பது கடினம். கிருஷ்ணன் ஒரு சிறு படிகத்தை மெல்லிய குவார்ட்சு இழையில் தொங்கவிட்டு, சீரான காந்தப்புலத்தில் வைத்தார். இழையின் மேல்முனையை மெதுவாக முறுக்கிக்கொண்டே செல்லும்போது, ஒரு குறிப்பிட்ட முறுக்கத்தில் படிகம் நிலைதடுமாறிச் சட்டெனத் திரும்பிவிடும். அந்த முறுக்கத்தின் அளவிலிருந்து திசைக்குத் திசை உள்ள காந்த வேறுபாட்டை நுட்பமாகக் கணக்கிட முடிந்தது. விலைமிக்க கருவிகள் இல்லாத ஆய்வுக்கூடத்திலும் செய்யக்கூடிய முறை இது. பின்னர் பல நாட்டு ஆய்வாளர்களும் இதனைப் பின்பற்றினர்.

பென்சீன் வளையங்களைக் கொண்ட நாப்தலீன், ஆந்தரசீன் போன்ற சேர்மங்களில், வளையத்தின் தளத்திற்குச் செங்குத்தான திசையில் டயா காந்தம் மிகுதியாக இருக்கும். எனவே படிகத்தின் காந்தப் பண்பை அளந்தால், அதற்குள் மூலக்கூறுகள் எந்தச் சாய்வில் அடுக்கப்பட்டுள்ளன என்பதை அறியலாம். எக்ஸ் கதிர் ஆய்வு மிகுந்த உழைப்பையும் கணக்கீட்டையும் கோரிய அக்காலத்தில் இது பெரும் துணையாக இருந்தது. இலண்டனில் எக்ஸ் கதிர் படிகவியலில் ஈடுபட்டிருந்த கேத்தலீன் லான்ஸ்டேல் அம்மையாருடன் இணைந்து 1936 இல் கிருஷ்ணன் இதுபற்றிய ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டார்.

மீண்டும் கல்கத்தா, ஐரோப்பியப் பயணங்கள்

1933 இல் கிருஷ்ணன் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்திற்கு மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகத் திரும்பினார். சாந்திலால் பானர்ஜி முதலான மாணவர்களுடன் காந்த ஆய்வுகளைத் தொடர்ந்தார். கிராபைட்டின் டயா காந்தம் ஒரு திசையில் மட்டும் வழக்கத்திற்கு மாறாக மிகுந்திருப்பதை ஆராய்ந்து, அதனை அப்பொருளில் உள்ள எலக்ட்ரான்களின் இயக்கத்தோடு தொடர்புபடுத்தினார்.

இவ்வாய்வுகளின் பயனாக ஐரோப்பிய நாடுகளிலிருந்து அழைப்புகள் வந்தன. 1936 இல் போலந்தின் வார்சா நகரில் ஒளியொளிர்வு பற்றிய மாநாட்டில் கலந்துகொண்டார். 1937 இல் ரூதர்ஃபோர்டு பிரபுவின் அழைப்பின்பேரில் கேம்பிரிட்ஜின் கேவன்டிஷ் ஆய்வகத்தில் விரிவுரைகள் ஆற்றினார். அதே ஆண்டில் பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகம் தன் பதக்கத்தை இவருக்கு வழங்கியது. 1939 இல் பிரான்சின் ஸ்திராஸ்பூர்க் நகரில் நடைபெற்ற காந்தவியல் கருத்தரங்கிற்கு அழைக்கப்பட்டார். மாணவராகச் சென்று கற்க வேண்டிய இடங்களாகக் கருதப்பட்ட நகரங்களுக்கு, தாம் இந்தியாவில் கண்டறிந்தவற்றை எடுத்துரைக்க இவர் சென்றார். 1940 இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அலகாபாத்

1942 இல் அலகாபாத் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியராகவும் துறைத்தலைவராகவும் பொறுப்பேற்றார். இங்கே திண்மநிலை இயற்பியலில் கவனம் செலுத்தினார். உலோகங்களின் மின்தடை பற்றி ஏ. பி. பாட்டியாவுடன் இணைந்து ஆராய்ந்தார். உருகிய உலோகங்களில் அணுக்கள் ஒழுங்கற்று இருந்தும் எலக்ட்ரான்கள் ஓரளவு எளிதாகச் செல்வது எவ்வாறு என்ற கேள்விக்கு இவ்வாய்வு விடை தேடியது.

தேசிய இயற்பியல் ஆய்வகம்

இந்திய விடுதலையை ஒட்டி, நாட்டின் பல பகுதிகளில் தேசிய ஆய்வகங்கள் தொடங்கத் திட்டமிடப்பட்டது. புது தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்திற்கு 1947 ஜனவரி 4 அன்று ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். கிருஷ்ணன் அதன் முதல் இயக்குநராக நியமிக்கப்பட்டார். 1950 ஜனவரி 21 அன்று சர்தார் வல்லபாய் பட்டேல் ஆய்வகத்தைத் திறந்துவைத்தார்.

நாட்டின் அளவைத் தரங்களைப் பேணுவது இவ்வாய்வகத்தின் முதன்மைப் பணிகளுள் ஒன்று. அக்காலத்தில் இந்தியாவில் சேர், மணங்கு, தோலா என வட்டாரத்திற்கு வட்டாரம் மாறும் அளவைகள் வழங்கின. 1956 ஆம் ஆண்டின் எடை அளவைத் தரச் சட்டம் மெட்ரிக் முறையை ஏற்றது. 1957 இல் இந்தியா மீட்டர் உடன்படிக்கையில் இணைந்தது. பாரிஸ் அருகே செவ்ர் நகரிலுள்ள பன்னாட்டு எடை அளவைப் பணியகத்தில் காக்கப்பட்ட மூலக் கிலோகிராமின் 57 ஆம் எண் படி இந்தியாவின் தேசியத் தரமாகத் தில்லி ஆய்வகத்தில் வைக்கப்பட்டது. 2019 இல் கிலோகிராமின் வரையறை மாற்றப்படும் வரை நாட்டின் எடைகளுக்கெல்லாம் இதுவே அடிப்படையாக இருந்தது. கிருஷ்ணன் இயக்குநராக இருந்த காலத்தில் நடந்த மாற்றங்களுள் பொதுமக்களின் அன்றாட வாழ்வை நேரடியாகத் தொட்டது இதுவே.

நிர்வாகப் பொறுப்புகளுக்கு இடையிலும் இவர் ஆய்வைக் கைவிடவில்லை. வெப்பப்படுத்திய பொருள்களிலிருந்து எலக்ட்ரான்கள் வெளிப்படும் வெப்ப அயனியியலில் எஸ். சி. ஜெயினுடன் இணைந்து பணியாற்றினார். வெற்றிட உலையில் சூடேற்றிய உள்ளீடற்ற கிராபைட்டுக் கலத்தின் சிறு துளை வழியே வெளிவரும் எலக்ட்ரான்களை அளக்கும் முறையை இருவரும் கையாண்டனர்.

1948 இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஆணையத்தில் ஹோமி பாபா, சாந்தி சுவரூப் பட்நாகர் ஆகியோருடன் கிருஷ்ணனும் உறுப்பினராக இருந்தார். பன்னாட்டு அறிவியல் கழகங்களின் அவையில் துணைத்தலைவராகவும் பணியாற்றினார்.

இயல்பும் ஈடுபாடுகளும்

கிருஷ்ணன் அமைதியான இயல்பினர். தமிழ், வடமொழி இலக்கியங்களிலும் தத்துவத்திலும் ஆழ்ந்த பயிற்சி உடையவர். உரையாடலில் பொருத்தமான கதைகளைச் சொல்லி விளக்குவது இவர் வழக்கம். தம்மைச் சந்திக்கும்போதெல்லாம் கிருஷ்ணன் ஒரு புதிய கதை சொல்லத் தவறியதில்லை என்ற கருத்தை நேரு வெளியிட்டுள்ளார். சென்னையில் மதிய இடைவேளைகளில் மாணவர்களின் ஐயங்களுக்கு விடையளித்த ஆசிரியரின் தன்மை, தில்லியில் பெரும் ஆய்வகத்தை நடத்தியபோதும் இவரிடம் மாறாதிருந்தது.

விருதுகளும் சிறப்புகளும்

1937 - லியேஜ் பல்கலைக்கழகப் பதக்கம்
1940 - இலண்டன் அரச கழக உறுப்பினர்
1946 - பிரித்தானிய அரசின் சர் பட்டம்
1949 - இந்திய அறிவியல் மாநாட்டின் தலைவர்
1954 - பத்ம பூஷண்
1956 - அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் வெளிநாட்டு உறுப்பினர்
1958 - சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசு (இப்பரிசைப் பெற்ற முதல் அறிவியலாளர்)

மறைவும் நினைவும்

இயக்குநர் பொறுப்பில் இருக்கும்போதே 1961 ஜூன் மாதத்தில் கிருஷ்ணன் காலமானார். அப்போது அவருக்கு வயது 62. தேசிய இயற்பியல் ஆய்வகம் அமைந்துள்ள புது தில்லிச் சாலைக்கு டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன் சாலை எனப் பெயரிடப்பட்டுள்ளது. இந்திய அணுசக்தித் துறை இளம் ஆய்வாளர்களுக்கு வழங்கும் ஆய்வு நல்கை ஒன்றும் இவர் பெயரால் அமைந்துள்ளது. விருதுநகர் மாவட்டத்தின் பெயரைக் கேட்டவுடன் காமராசரும் சிவகாசிப் பட்டாசும் நினைவுக்கு வருவது இயல்பு. அம்மாவட்டத்தின் மலையடிவாரச் சிற்றூர் ஒன்று இந்திய இயற்பியலுக்கு அளித்த கொடை கே. எஸ். கிருஷ்ணன் ஆவார்.